ரோ மான் வேட்டைக்கு ரைபிள் உரிமம்: முதல் நிலைச் சான்றிதழ் பற்றி விளக்கம் தேவை

இங்கிலாந்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு வணக்கம். நார்தம்பர்லாந்தில் விவசாயி ஒருவர், தம் மரக்கன்றுகளின் நுனியைக் கடித்து அழிக்கும் ரோ மான்களைச் சுட எனக்கு எழுத்துமூலம் அனுமதி அளித்திருப்பதால், 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் முதல் பிரிவின்கீழ் ரைபிள் உரிமத்திற்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். இரும்புப் பெட்டியைச் சுவரில் பொருத்தியாயிற்று. பரிந்துரையாளர் இருவரும் மருத்துவர் படிவமும் தயார்.

என் ஐயம் பயிற்சி பற்றியது. டி.எஸ்.சி. (Deer Stalking Certificate) எனப்படும் மான் வேட்டைப் பயிற்சிக்கான முதல் நிலைச் சான்றிதழைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால், அது இல்லாவிட்டால் அனுபவமுள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வரலாம் என்று காவல்துறை அலுவலர் ஒருவர் தொலைபேசியில் கூறினார்.

சென்ற ஞாயிறு நண்பரின் ரைபிளால், அவர் அருகிலிருக்க, 100 மீட்டர் தொலைவில் படுத்தபடி மூன்று குண்டுகள் சுட்டேன். இரண்டு நான்கு அங்குல வட்டத்துக்குள் விழுந்தன, மூன்றாவது விரலகலம் விலகியது. உயிருள்ள மானில் அந்த விரலகலம் அதைக் காயத்தோடு ஓடவிடும் என்பதால், நிபந்தனை வந்தாலும் வராவிட்டாலும் பயிற்சி பெறவே விரும்புகிறேன்.

உரிமத்திற்கு முன்பே சான்றிதழ் பெற்றவர்கள், தேர்வுக்கான ரைபிளை எவ்வாறு ஏற்பாடு செய்தீர்கள்? உடனிருப்பு நிபந்தனை பெற்றவர்கள், அதை எத்தனை வேட்டைகளுக்குப் பின் நீக்கச் செய்தீர்கள்? 1991ஆம் ஆண்டு மான் சட்டம் கோரும் .240 அங்குலக் குறைந்தபட்சக் குழல் விட்டத்தைத் தாண்டும் .243 ரைபிளையே முதலில் கேட்கலாமா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.