73ஆ 67ஆ: மறுபடியும் செஃபீடு நெரிசல்

தூரமானி:
பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலி 73ஆ 67ஆ (ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு விநாடிக்கு இத்தனை கி.மீ.) என்ற சண்டைதான். தூரத்தை அளக்க உதவுவது செஃபீடு, அதாவது சீராகப் பிரகாசித்து மங்கும் விண்மீன். செந்நகர்வு நேற்று எழுதியது: "செஃபீடின் ஒளியோடு பக்கத்து விண்மீன்களின் ஒளியும் கலந்துவிடுகிறது. அதனால்தான் 73 வருகிறது. பிளாங்க் விண்கலம் சொன்ன 67.4தான் சரி." இதை இன்னும் எத்தனை முறை கேட்பது? செஃபீடை வைத்து அளக்கும் ஆடம் ரீஸ் குழுவுக்கு இந்த ஒளிக்கலப்பு, அதாவது நெரிசல், தெரியாதா? படத்தில் போலி விண்மீன்களைப் போட்டு, எவ்வளவு ஒளி கூடுதலாகச் சேர்கிறது என்று பார்த்துக் கழித்த பிறகுதான் 2022இல் 73.04 என்றார்கள்.

செந்நகர்வு:
கழித்தது போதுமா என்பதுதானே கேள்வி. செஃபீடு கூடுதல் பிரகாசமாகத் தெரிந்தால் கேலக்ஸி கிட்டத்தில் இருப்பதாகக் கணக்கு வரும், விரிவு வேகம் ஏறும். தூரம் போகப் போக நெரிசலும் கூடும். இதில் எது தப்பு, ஐயா?

தூரமானி:
நீங்கள் பழைய படங்களோடு நின்றுவிட்டதுதான் தப்பு. ஹபிள் தொலைநோக்கியைவிடக் கூர்மையான வெப் தொலைநோக்கி அதே செஃபீடுகளை மறுபடி எடுத்தது. 2024 ஆய்வில் ஆயிரத்துக்கும் மேல், 13 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் என்ஜிசி 5468 கேலக்ஸி வரை. இரண்டு தொலைநோக்கிகளின் தூரமும் ஒத்துப்போகிறது. நெரிசல்தான் காரணம் என்ற வாதம் 8 சிக்மாவில் (தற்செயல் என்று சொல்லவே முடியாத உறுதியில்) அடிபட்டுப்போயிற்று. எட்டு!

செந்நகர்வு:
அதில் ஐந்து கேலக்ஸி. 2022 கணக்கில் 37. மிச்சத்துக்கு யார் பொறுப்பு?

நிழல்வட்டம்:
அதெல்லாம் இருக்கட்டும், பிரபஞ்சம் விரிகிறது என்று பெல்ஜிய அறிஞர் லெமெய்த்ர் 1927இலேயே எழுதியதற்கு ஏன் ஹபிள் மாறிலி என்ற பெயர்?

தூரமானி:
வேறு இழை தொடங்குங்கள்.

நிழல்வட்டம்:
பன்னாட்டு வானியல் ஒன்றியமே 2018இல் ஹபிள்-லெமெய்த்ர் விதி என்று சொல்லப் பரிந்துரைத்துவிட்டது. உங்களுக்குத்தான் எரிகிறது.

செந்நகர்வு:
வானியலாளர் ஹபிள் 1929இல் இந்த மாறிலி சுமார் 500 என்றார். செஃபீடில் இரண்டு வகை உண்டு என்று 1952இல் வானியலாளர் பாடே சொன்ன பிறகு தூரமெல்லாம் இரட்டிப்பானது, மாறிலி பாதியானது. அதற்கு முன்பும் யாராவது "எல்லாம் கழித்தாயிற்று" என்று மார்தட்டியிருப்பார்கள்.

தூரமானி:
2011இல் நியூட்ரினோ என்ற துகள் ஒளியை முந்திவிட்டது என்று குதித்தவர் எனக்கு வரலாறு சொல்கிறார்! கடைசியில் அந்தச் சோதனையில் கிடைத்தது சரியாகச் செருகாத ஒரு கேபிள்.

செந்நகர்வு:
"முடிவு வரட்டும்" என்றுதான் எழுதினேன். பாதியை வெட்டிப் போடுவது உங்கள் பழைய புத்தி.

கதிர்வீச்சு:
செஃபீடே வேண்டாமே. சிவப்புப் பெருவிண்மீன்களின் உச்ச ஒளியை வைத்து வெண்டி ஃப்ரீட்மன் குழு 2019இல் 69.8 என்றது. முன்பும் வானியலாளர்கள் சாண்டேஜ் 50, டி வோகூலர்ஸ் 100 என்று மல்லுக்கு நின்றார்கள், 2001இல் 72 வந்தது.

தூரமானி:
நடுவில் போய் நின்றால் அளவீடு ஆகிவிடுமா? கேளுங்கள். என்ஜிசி 4258 கேலக்ஸியின் தூரம் மேசர்களை (நுண்ணலையில் லேசர் போல ஒளிரும் வாயுத் திரள்களை) வைத்து நேரடி வடிவியலில் கிடைத்தது, செஃபீடு தேவையே இல்லை. அங்கே இருக்கும் செஃபீடுகளை வைத்துத்தான் மற்ற கேலக்ஸிகளுக்கு அளவுகோல் போடுகிறார்கள். அங்கும் நெரிசல் உண்டு. பாதிப்பு இரண்டு பக்கமும் வந்தால் பெரும்பகுதி கழிந்துவிடும். இதை நான் போன மாதமே விளக்கினேன், யாரும் படிப்பதில்லை.

செந்நகர்வு:
என்ஜிசி 4258 இருப்பது இரண்டரைக் கோடி ஒளியாண்டில். 13 கோடியிலும் நெரிசல் அதே அளவா?

தூரமானி:
8 சிக்மா. மேலே போய்ப் படியுங்கள்.

செந்நகர்வு:
ஐந்து கேலக்ஸி. நீங்களும் மேலே போய்ப் படியுங்கள்.