ஆள்புலப் பச்சைத்தரவு: ஒரு கலைச்சொல் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

பலர் இணைந்து ஆடும் வியூகக் கணினி ஆட்டங்களில், எந்த இடம் எந்த ஆட்டக்காரருக்கு உரியது என்னும் தரவை உள்ளபடியே வெளியே எடுத்துத் தரும் 'ரா டெரிட்டரி டேட்டா எக்ஸ்போர்ட்' என்னும் கட்டளைக்கு 'நிலப்பகுதி மூலத்தரவு ஏற்றுமதி' என்றும், 'எல்லைக் கச்சாத்தரவு வெளியீடு' என்றும் இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டையும் படித்தேன், இரண்டுமே பயனரைத் தவறான பொருளுக்கு இட்டுச் செல்லும் என்று அஞ்சுகிறேன். 'ஆள்புலப் பச்சைத்தரவு ஏற்றுமதி' என்பதை முன்வைக்கிறேன்.

முதலில் அந்தத் தரவு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 1996-இல் வெளிவந்து இன்றும் கட்டற்ற மென்பொருளாக வளர்ந்துவரும் ஃப்ரீசிவ் ஆட்டத்தின் சேமிப்புக் கோப்பைச் சுருக்கம் நீக்கித் திறந்தால், வரைபடத்தின் ஒவ்வொரு கிடைவரிசைக்கும் 'ஓனர்' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய ஆட்டக்காரரின் எண், காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு நிற்கும். யாருக்கும் உரிமையில்லாத கட்டத்துக்கு ஒரு சிறு கோடு மட்டும் இருக்கும். வண்ணம் தீட்டிய வரைபடமும், யாரிடம் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்னும் கணக்கும் இந்த எண்களிலிருந்து பின்னர் ஆக்கப்படுபவையே. எனவே நாம் பெயரிட வேண்டியது, எந்த ஆக்கமும் நிகழாத நிலையில் உள்ள தரவுக்கு.

இதற்கு 'மூலத்தரவு' பொருந்தாது. அதே கோப்பில் 'சோர்ஸ்' என்று தொடங்கும் வரிகளும் உள்ளன. ஒரு கட்டம் எந்த இடத்தின் செல்வாக்கால் ஒருவருக்கு உரிமையாயிற்று என்பதை அவை குறிக்கின்றன. அதற்கு 'மூலம்' என்பதைத் தவிர வேறு நல்ல சொல் நம்மிடம் இல்லை. 'மூலத்தரவு' என்று இங்கே எழுதினால், பயனர் அந்த வரிகள் மட்டுமே கிடைக்கும் என்று எண்ணுவதில் வியப்பில்லை. 'சோர்ஸ் கோட்' என்பதற்கு 'மூல நிரல்' வேறு ஏற்கெனவே வழக்கில் வேரூன்றிவிட்டது.

'கச்சா' என்பதைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பொருள் பிழையில்லை, ஆனால் 'பச்சை' நம் நாவில் அன்றாடம் புழங்கும்போது அதைத் தேடிப் போவானேன்? மண்டபத்திலும் பாம்பனிலும் படகு கரைசேர்ந்ததும் கூடையில் இறங்குவது பச்சை மீன்; உப்பிட்டு வெயிலில் காய்ந்தால்தான் அது கருவாடு. பச்சரிசி, பச்சைத் தண்ணீர், சூளையில் வேகாத பச்சைக்கல் என எல்லாவற்றிலும் 'பச்சை' என்பது நிறத்தை அன்று, பதப்படாத நிலையையே சுட்டுகிறது. பச்சைத்தரவு என்றால் சுற்றுச்சூழல் சார்ந்த தரவு என்று கொள்ள மாட்டார்களா என நண்பர் ஒருவர் கேட்டார். அந்தப் பொருளுக்குப் பசுமைப் புரட்சி, பசுமை ஆற்றல் என்று 'பசுமை' நிலைபெற்றுவிட்டதால், குழப்பம் வராது என்றே கருதுகிறேன்.

அடுத்தது 'டெரிட்டரி'. 'நிலப்பகுதி' என்பதை என்னால் ஏற்கவே இயலவில்லை. ஆட்டத்தில் கரையை ஒட்டிய கடற்கட்டங்களும் ஒருவருக்கு உரிமையாகின்றன. இங்கே என்னோடு ஆடும் மாணவர்களுள் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். 1974, 1976 ஆண்டுகளின் இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் வகுத்த கோடு அவர்கள் குடும்பங்களின் அன்றாடத் தொழிலை எப்படிப் பாதிக்கிறது என்பதை அறிந்தவர்கள். அவர்களிடம் போய், உரிமைப் பரப்பு என்பது நிலம் மட்டுமே என்று ஒரு சொல் சொல்லக் கூடாது. 'எல்லை' என்பதோ கோட்டைத்தான் குறிக்கும், கோட்டுக்குள் அடங்கிய பரப்பைக் குறிக்காது.

இந்திய அரசியலமைப்பின் தமிழாக்கம் 'ஆட்சிநிலவரை' என்கிறது. செப்பமான சொல்தான்; ஆயினும் அதற்குள்ளும் நிலம் இருக்கிறது, பொத்தானில் எழுதவும் நீளம். தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில், இலங்கையின் சட்டத்தமிழில் 'ஆள்புலம்' வழங்குகிறது. அந்நாட்டு அரசியலமைப்பின் 5ஆம் உறுப்புரை மாவட்டங்களையும் கடற்பரப்பையும் சேர்த்தே நாட்டின் ஆள்புலம் என வரையறுக்கிறது. புலம் என்பது இடம் என்னும் விரிந்த பொருளும் தருவதால் கடலுக்கும் இடர்ப்பாடின்றிப் பொருந்துகிறது. இரு கரையினரும் ஒரே சொல்லைப் புழங்க வாய்ப்பிருக்கும்போது நாம் தனியாக ஒன்றை ஆக்குவது தேவையில்லை.

'ஏற்றுமதி' மென்பொருள்களில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. 'வெளியீடு' பதிப்புக்கு உரியது, அதை அதற்கே விட்டுவிடலாம்.

ஆக, கட்டளைப் பட்டியில் (மெனு) 'ஆள்புலப் பச்சைத்தரவை ஏற்றுமதி செய்' என்றும், 'சோர்ஸ்' வரிகளுக்கு 'உரிமைமூலம்' என்றும் எழுதலாம். சிறு கோட்டால் குறிக்கப்படும் கட்டத்துக்கு மட்டும் எனக்கு இன்னும் முடிவு எட்டவில்லை. 'பொதுக்கட்டம்' என்றால் எல்லாருக்கும் உரியது என்று பொருள்படும். 'வெற்றுக்கட்டம்' என்றால் அங்கே ஒன்றுமே இல்லை என்றாகும், ஆனால் அதில் காடும் மலையும் இருக்கலாம். 'உரிமையிலாக் கட்டம்' என்பது என் எண்ணம். இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றுவோர் எழுதுங்கள்.