வி.எச்.எஃப்.-ல் பேசினால் ஜி.பி.எஸ். விழுகிறது: ரிலீஸில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி:
ஹெலிகாப்டர் ஒன்றில், பைலட் கன்ட்ரோலரோடு பேசும் வி.எச்.எஃப். ரேடியோ இரண்டாவதாக ஒன்று பொருத்தும் வேலை. மேற்பார்வையும் நான், கடைசியில் ரிலீஸில், அதாவது வேலை சரி, பறக்கலாம் என்ற சான்றில், கையெழுத்துப் போட வேண்டியதும் நான். வயரிங் செய்தவர்கள் இரண்டு டெக்னீஷியன்கள். பேனலை மூடும் முன் ஒவ்வொரு கனெக்டரையும் நானே இழுத்துப் பார்த்தேன். வேலை சுத்தம்.

தரைச் சோதனையில்தான் சிக்கல். 118.1, 125.0 மெகாஹெர்ட்ஸ் எதில் பேசினாலும் ஜி.பி.எஸ். அசையவில்லை. 131.275-ல் பி.டி.டி. என்ற பேசும் பட்டனை அழுத்திப் பிடித்தால், பதினைந்து நொடிக்குள் திரையில் சாட்டிலைட் சிக்னலின் பலத்தைக் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து பொசிஷன் போய்விடுகிறது. விட்டதும் திரும்புகிறது. "அந்த அலைவரிசையில் நாங்கள் பேசுவதே இல்லை, போடுங்கள்" என்கிறார் பைலட். எனக்கு மனம் வரவில்லை. எங்கே தேடுவது?

பதில் 1:
போடாதீர்கள். 131.275-ஐ 12-ஆல் பெருக்குங்கள், 1575.3 வரும். ஜி.பி.எஸ். சாட்டிலைட்டின் எல்1 சிக்னல் இருப்பது 1575.42 மெகாஹெர்ட்ஸில். அதாவது ரேடியோவின் 12-வது ஹார்மானிக் (பேசும் அலைவரிசையின் 12 மடங்கில் கசியும் அலை) நேராக அதன் மேல் விழுகிறது. 121.175-க்கு 13-வது ஹார்மானிக். 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆறிலும் அரை நிமிடத்துக்கு மேல் பேசிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். பேசும் முன் அலைவரிசை காலியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்று பேசாத அலைவரிசையை நாளை கன்ட்ரோலர் கொடுக்கலாம் என்று பைலட்டிடம் சொல்லுங்கள்.

புது ரேடியோவை மட்டும் சந்தேகிக்க வேண்டாம். ஈ.எல்.டி. (விபத்து நடந்தால் அவசர சிக்னல் அனுப்பும் கருவி) அணைந்திருந்தாலும், பக்கத்து ஆன்டெனாவின் சக்தியை வாங்கி ஹார்மானிக்காகத் திருப்பி வீசும். அதன் கோஆக்ஸை (ஆன்டெனா கேபிளை) கழற்றிவிட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள்.

பதில் 2:
அப்படியே ஆன்டெனா அடித்தளங்களின் பாண்டிங்கையும், அதாவது ஹெலிகாப்டர் உடலோடு உள்ள மின்தொடர்பின் தடையையும், அளந்துவிடுங்கள். 2.5 மில்லிஓம் தாண்டினால் எனக்குத் தூக்கம் வராது.

கேட்டவர்:
ஈ.எல்.டி. கோஆக்ஸைக் கழற்றியதும் ஒரு நிமிடம் முழுக்கப் பேசினேன், ஒரு கோடுகூட அசையவில்லை! பாண்டிங் புது ஆன்டெனாவில் 1.1 மில்லிஓம், ஈ.எல்.டி. ஆன்டெனாவில் 40. அதைக் கழற்றினால் அடியில் பச்சை பிரைமர் வளையமாக அப்படியே இருக்கிறது, திருகு ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி. பழைய வேலை, என் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது. சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினேன், 1.8 வந்தது. ஆனாலும் 131.275-ல் இன்னும் இரண்டு கோடு இறங்குகிறது. ஈ.எல்.டி. லைனில் நாட்ச் ஃபில்டர் (குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் தடுக்கும் வடிகட்டி) போடட்டுமா?

பதில் 3:
ஃபில்டர்தான் வழி. ஆனால் உங்கள் கையில் இருக்கும் அங்கீகரித்த வரைபடத்தில் அது இருக்கிறதா? இல்லையென்றால் சின்னப் பொருள்தானே என்று மாட்டிவிடாதீர்கள். டிசைன் அனுமதி வைத்திருப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், அதுவரை ரிலீஸ் நிற்கட்டும். போட்ட பிறகு ஈ.எல்.டி.யின் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். அப்புறம் ஆறு அலைவரிசைகளையும் வெளி மின்சாரத்தில் மட்டும் பார்த்தால் போதாது. ரோட்டார் சுற்றி, ஜெனரேட்டர் ஓடும்போதும் பாருங்கள். வொர்க்‌ஷீட்டில் "திருப்தி" என்று ஒரு சொல்லில் முடிக்காமல் அளவுகளை எழுதுங்கள்.

கேட்டவர்:
எழுத்தில் அனுமதி வந்தது, ஃபில்டரின் பார்ட் நம்பரோடு. ரோட்டார் ஓட, ஆறு அலைவரிசையிலும் பட்டனை அழுத்தியவர் அதே பைலட்தான். கோடுகள் சரியாமல் நின்றன. 1.1, 1.8 இரண்டையும் எழுதிவிட்டு நேற்று மாலை கையெழுத்துப் போட்டேன். நன்றி.