எச்-4 விசாவில் வந்து எம்எச்ஏ படிக்க நினைப்பவர்களுக்கு: இன்டர்ன்ஷிப்பை முதலில் யோசியுங்கள்

கணவரின் வேலைக்காக அமெரிக்கா வந்த பல் மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "இங்கே மறுபடி லைசென்ஸ் எடுக்க வருடக்கணக்கில் ஆகும்போல இருக்கிறது அக்கா, அதற்குப் பதில் ஹெல்த் அட்மினிஸ்ட்ரேஷன் படிக்கலாமா?" தாராளமாகப் படிக்கலாம், எம்எச்ஏ என்பது அதற்கான முதுகலைப் படிப்புதான். நானும் சென்னையில் பிடிஎஸ் முடித்து ஹூஸ்டனுக்கு வந்து அதைத்தான் படித்தேன். ஆனால் நான் இழந்த ஒரு கோடைக்காலத்தை நீங்கள் இழக்கக் கூடாது.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் படிக்கத் தடை இல்லை. பல மாநிலங்களில் ஓராண்டு வசித்த பிறகு உள்ளூர் மாணவருக்கான கட்டணமே போதும், அது பெரிய சேமிப்பு. அதை நம்பித்தான் சேர்ந்தேன். முதல் ஆண்டு முடிந்ததும் ஒரு மருத்துவமனை என்னைச் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்கத் தயாராக இருந்தது. மனிதவளத் துறையில் வேலை அனுமதி அட்டையைக் கேட்டார்கள். என்னிடம் இல்லை. எம்எச்ஏ படிப்புகள் பலவற்றில் இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்தின் பகுதி என்பது தெரிந்தும், சேர்க்கையின்போது இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, சம்பளம் இல்லாமல் செய்கிறேன் என்று நீங்களாக முடிவெடுத்துவிடாதீர்கள். அதுவும் வேலையாகக் கருதப்படலாம், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

கணவருடைய ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால் நீங்களே எச்-4 வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இல்லையென்றால் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டும். அதற்கு ஐ-539 படிவம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். கிரீன் கார்டு வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், மாறுவதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

எஃப்-1இல் பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்த பிறகு சிபிடி (படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி) கிடைக்கும், அதில்தான் இன்டர்ன்ஷிப் செய்வார்கள். முழுநேர சிபிடியைப் பன்னிரண்டு மாதம் பயன்படுத்திவிட்டால் அதே படிப்பு நிலைக்கான ஓபிடி (படித்த துறையில் வேலை செய்து பழகும் அனுமதி) போய்விடும், அந்தக் கணக்கை மறக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் ஓபிடி 12 மாதம். கம்ப்யூட்டர் படித்த தம்பிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் நமக்கும் வரும் என்று நினைத்துக்கொள்வது வழக்கம். கல்லூரி தரும் ஐ-20 தாளில் உள்ள பாடப்பிரிவு எண்ணைப் பாருங்கள். ஹெல்த் அட்மினிஸ்ட்ரேஷனுக்கான 51.0701 அந்த 24 மாதம் கிடைக்கும் படிப்புகளின் அரசுப் பட்டியலில் இல்லை. மெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸுக்கான 51.2706 இருக்கிறது. கணினியும் தரவும் பிடிக்கும் என்றால் அந்தப் பக்கம் யோசிப்பது நியாயமே. ஆனால் விசாவுக்காக மட்டும் விருப்பமில்லாத படிப்பில் சேராதீர்கள்.

அப்புறம் ஃபெலோஷிப். பட்டம் முடித்தவர்களை மருத்துவமனை நிர்வாகத்தில் பெரும்பாலும் ஒரு வருடம் வைத்துப் பழக்கும் பணி இது. மேல்மட்ட அதிகாரிகளின் கூட்டங்களில் உட்காரும் வாய்ப்பு கிடைக்கும், இந்தத் துறையில் இதைவிட நல்ல நுழைவு எனக்குத் தெரியாது. ஆனால் விண்ணப்பம் இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே, கோடை கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் முடிந்துவிடுகிறது. படிப்பு முடியட்டும், பிறகு வேலை தேடலாம் என்ற நம் ஊர்ப் பழக்கத்தோடு இருந்தால் பட்டம் கையில் வரும்போது இடங்கள் நிரம்பியிருக்கும். விசா ஸ்பான்சர் செய்ய மாட்டோம் என்று பல இடங்கள் விளம்பரத்திலேயே எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு விண்ணப்பத்துக்கு உட்காருங்கள்.

பியர்லாந்து மீனாட்சி கோவிலில் பழக்கமான ஒரு அக்கா, செவிலியர் மேலாளர், சொன்னது என் வாழ்க்கையையே மாற்றியது. பல்கலைக்கழகத்தோடு முறைப்படி இணைந்த, லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால் எச்-1பி விசாவுக்கான குலுக்கல் தேவையில்லை, ஆண்டு வரம்பிலிருந்து விலக்கு உண்டு. லாப நோக்குள்ள தனியார் மருத்துவமனைக்கு அது கிடையாது. டெக்சாஸ் மெடிக்கல் சென்டரைப் போன்ற இடத்தில் ஒரே தெருவில் பல மருத்துவமனைகள் நிற்கும், எது எந்த வகை என்று விசாரித்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். எனக்கு வேலை கிடைத்தது அந்த வகை மருத்துவமனையில்தான்.

பாடம் கஷ்டமா என்று கேட்பீர்கள். கணக்கியலில் கொஞ்சம் திணறினேன், மற்றபடி சமாளிக்கலாம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1983 முதல் நோயாளி எத்தனை நாள் படுத்திருந்தார் என்று பார்க்காமல், நோய் வகைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குக் கொடுக்கிறது. வகுப்பில் எல்லாரும் குழம்பியபோது எனக்கு நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் தொகுப்புக் கட்டணம் நினைவுக்கு வந்தது. உடனே பிடிபட்டது. ஊரில் மருத்துவமனை பார்த்த அனுபவத்தைக் குறைவாக நினைக்காதீர்கள், நேர்காணலில் அதைச் சொல்லுங்கள்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது சிஏஹெச்எம்இ (இந்தத் துறைப் படிப்புகளைச் சரிபார்க்கும் அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள், ஃபெலோஷிப் விளம்பரங்கள் பலவற்றில் அதைக் கேட்பார்கள். சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் இரண்டு கேள்வி அனுப்புங்கள்: இன்டர்ன்ஷிப் கட்டாயமா, எத்தனை மணி நேரம்? என் விசாவில் அதைச் செய்ய முடியாவிட்டால் பட்டத்துக்கு மாற்று வழி என்ன? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐ-20 வந்த பிறகும் ஏதாவது புரியவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.