20 மீட்டர் சல்பைடு தென்பட்டது என்றால் அது முன்னேற்றமா?

கெடிலக்கரை (கடலூர்):
வெளிநாட்டுப் பங்குகளில் சிறிது பணம் போட்டிருக்கும் திருப்பாதிரிப்புலியூர் நண்பர்களிடையே ஓர் அறிக்கை சுற்றி வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நிக்கல், செம்பு சல்பைடு தாதுவை (உலோகம் கந்தகத்தோடு சேர்ந்த கனிமம்) தேடிவரும் ஒரு சிறு நிறுவனம், தன் புதிய ஆழ்துளையில் 20 மீட்டர் நீளத்திற்குச் சல்பைடு கண்ணுக்குத் தென்பட்டதாகவும், ஆய்வக முடிவுகள் பின்னர் வரும் என்றும் அதில் சொல்கிறது. இதை நல்ல முன்னேற்றமாகவே நான் கருதுகிறேன். 2012இல் அதே மாநிலத்தில் சிரியஸ் ரிசோர்சஸ் நிறுவனம் நோவா படிவைக் கண்டபோது, சென்ட் கணக்கில் விற்ற பங்கு சில மாதங்களில் டாலர் கணக்கிற்கு ஏறியது. 2016இல் அங்கே உற்பத்தியும் தொடங்கிவிட்டது. எல்லாம் உறுதியான பிறகே நுழைவேன் என்று இருப்பவருக்கு என்ன மிஞ்சும்?

வடலூர்வாசி:
பழுப்பு நிலக்கரிக்கான துளைகளில் ரிக் என்னும் துளையிடும் இயந்திரத்தின் அருகே நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் நிலக்கரி ஏறத்தாழச் சமதளமாகப் பரந்து கிடப்பதால், ஒரு துளையில் கண்டதை வைத்து அடுத்த துளையில் என்ன கிடைக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதைக் கண்டுபிடிப்பதைவிட, அடியில் அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை அடக்குவதே பெரும்பாடு. அங்கே இத்தனை மீட்டர் துளைத்தோம் என்பது உண்மையிலேயே முன்னேற்றக் கணக்கு. நிக்கல் சல்பைடு அப்படிப்பட்டதன்று. உருகிய பாறைக் குழம்பிலிருந்து பிரிந்த கனமான சல்பைடு, அந்தக் குழம்பு ஓடிய வழியின் பள்ளங்களிலும் திருப்பங்களிலும் தங்கி இறுகுவதால், 50 மீட்டர் தள்ளிப் போடும் துளை வெறும் பாறையாக வரக்கூடும்.

மேலும், 20 மீட்டர் என்பது துளையின் போக்கில் அளந்த நீளம். தாதுத் தகட்டைத் துளை 30 பாகைக் கோணத்தில் வெட்டியிருந்தால் உண்மைத் தடிமன் 10 மீட்டர்தான். கண்ணுக்குத் தெரியும் சல்பைடிலும் பெரும்பங்கு பிர்ரோடைட், அதாவது இரும்பும் கந்தகமும். நிக்கலைச் சுமக்கும் பென்ட்லாண்டைட் அதனூடே எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை, துளையிலிருந்து எடுத்த பாறைத் தண்டுகளை அடுக்கிய கோர் பெட்டியைப் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கெடிலக்கரை:
ஐயா, நீளம் குறைவு என்பதற்காக ஒதுக்கிவிட முடியுமா? 1966இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பால்டாவில் முதல் துளை காட்டியது 2.7 மீட்டர்தான், நிக்கலோ 8.3 விழுக்காடு. மறு ஆண்டே உற்பத்தி தொடங்கியது.

வடலூர்வாசி:
அந்த 8.3 ஆய்வகம் தந்த எண் என்பதைத்தான் நானும் சொல்கிறேன். உங்கள் அறிக்கையில் அப்படி ஓர் எண் கூட இல்லை.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):
கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவள் என்பதால் குறுக்கிடுகிறேன். நீங்கள் இருவருமே துளைக்குள் கிடைத்ததை மட்டும் எண்ணுகிறீர்கள். தாதுவைத் தொடாத துளைக்குள்ளும் மின்காந்தக் கருவியை இறக்கி அளந்தால், பக்கவாட்டில் பல பத்து மீட்டர் தள்ளியிருக்கும் மின்கடத்தும் சல்பைடு பிண்டத்தின் இருப்பும் சாய்வும் தெரியவரும். அடுத்த துளையின் இலக்கு அப்படித்தான் முடிவாகிறது. ஆகவே வடலூர் ஐயா வெறும் பாறை என்று ஒதுக்கும் துளையும் வீணில்லை. அதே சமயம் கிராஃபைட்டும் நிக்கலற்ற பிர்ரோடைட்டும் நன்றாகவே மின்சாரத்தைக் கடத்துவதால், குறிப்பலை எவ்வளவு வலுவாக இருந்தாலும் ஏமாறுவதற்கு இடமுண்டு.

ஆய்வக எண்ணும் முழு விடையாகாது. ஒலிவின் என்னும் சிலிகேட் கனிமம் மிகுந்த பாறையில் கால் விழுக்காடு வரை நிக்கல் இயல்பாகவே இருக்கும். அது சிலிகேட் கனிமத்துக்குள் கட்டுண்டு கிடப்பதால், அரைத்த தாதுவிலிருந்து சல்பைடை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் மிதப்பு முறையில் பிரிந்து வராது. நூறு மீட்டருக்கு 0.25 விழுக்காடு என்று தலைப்பு போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதில் சல்பைடில் உள்ள நிக்கல் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

வடலூர்வாசி:
அம்மா சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். என் ஐயம் பணத்தைப் பற்றியது. கனடாவின் வாய்சீஸ் பே படிவு 1993இல் கண்டறியப்பட்டது. 1996இல் இன்கோ நிறுவனம் அதை 430 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. உற்பத்தி தொடங்கியதோ 2005இல். அங்குள்ள இன்னு, இனுவிட் பழங்குடி மக்களுடனும் மாகாண அரசுடனும் உடன்பாடு காண்பதற்கே பல ஆண்டுகள் கழிந்தன. அவ்வளவு சிறந்த படிவுக்கே அந்த நிலை. விலையும் நம் கையில் இல்லை. இந்தோனேசிய நிக்கல் சந்தையை நிரப்பியதால், 2024 அக்டோபரில் பெரும் சுரங்க நிறுவனமான பிஎச்பியே மேற்கு ஆஸ்திரேலிய நிக்கல் பணிகளை நிறுத்தி வைத்தது.

கெடிலக்கரை:
எல்லோரும் இப்படியே தயங்கினால் துளை போடுவது யார்? நம் பழைய தென்னாற்காட்டின் மாமண்டூரில் செம்பும் ஈயமும் துத்தநாகமும் கலந்த சல்பைடு இருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. 2023இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் நிக்கலும் செம்பும் இருக்கின்றன. துணிந்து போடும் பணம் இல்லாமல் பட்டியல் மட்டும் தாதுவைத் தோண்டித் தராது.

முத்தியால்பேட்டை:
மாமண்டூர் தாது வேறு வகை. அதை நிக்கலோடு சேர்க்க வேண்டாம். துணிந்த பணம் வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் தாதுத் தேடல் முடிவுகளை வெளியிடுவதற்கான ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிமுறைப்படி, உண்மைத் தடிமன் தெரியாத நிலையில் துளை நீளத்தை மட்டும் தந்தால், அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். உங்கள் அறிக்கையின் பிற்சேர்க்கை அட்டவணையைப் படித்தீர்களா?

கெடிலக்கரை:
இப்போதுதான் படித்தேன். “துளை நீளம் மட்டுமே, உண்மைத் தடிமன் தெரியவில்லை” என்ற வரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இருந்தாலும் பங்கை விற்கப் போவதில்லை.

வடலூர்வாசி:
விற்கச் சொல்லவில்லை. ஆய்வக முடிவு வரும் வரை மேற்கொண்டு வாங்காதீர்கள் என்கிறேன்.