மறு: செம்பெயர்ச்சி, அலைநீட்சி – இரண்டும் வேண்டுமா?

> செம்பெயர்ச்சி நிலைத்துவிட்ட சொல். அதை ஏன் இப்போது கிளற வேண்டும்?

அதை எடுக்கச் சொல்லவில்லை அண்ணே. அண்டம் விரிவதால் ஒளியலை நீள்வதற்கு மட்டும் 'அலைநீட்சி' என்று கூடுதலாக ஒரு சொல் வைப்போம் என்கிறேன். நிறமாலைக் கோடு (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடு) தன் இடம் விட்டுச் சிவப்புப் பக்கம் தள்ளியிருப்பதைச் சொல்லச் செம்பெயர்ச்சியே (redshift) போதும். நம்ம பக்கத்திலேயே சான்று இருக்கிறது: 1909இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப்புள்ளியின் விளிம்புப் பகுதியில் கோடுகள் பெயர்ந்திருப்பதைப் பார்த்து, அங்கே வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்று கண்டார். ஓட்டம் இருக்கிறது, பெயர்ச்சியும் பொருந்துகிறது. (பிள்ளைகளுக்குச் சனிப்பெயர்ச்சி ஞாபகம் வருவது தனிக்கதை.)

தொலைதூரப் பேரடைகளுக்கு (விண்மீன் திரள்களுக்கு) போனால்தான் இடிக்கிறது. ஒளி வந்துகொண்டிருக்கும் வழியிலேயே அண்டம் விரிகிறது, கூடவே அலையும் நீள்கிறது. சுங்குடிச் சேலையை இழுத்து முடிச்சுகளை அவிழ்க்கையில் புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுமே, அந்த மாதிரி. எந்தப் புள்ளியும் துணிமேல் ஊர்வதில்லை. பெயர்ச்சி என்றால் வகுப்பில் ராக்கெட் மாதிரி ஓடும் பேரடையைத்தான் நினைக்கிறார்கள்.

'செம்' மட்டும் ஒழுங்கா? அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து வரும் அண்ட நுண்ணலைப் பின்னணி ஒளி ஏறக்குறைய 1,100 மடங்கு நீண்டு நம்மிடம் வருகிறது; சிவப்பை எப்போதோ தாண்டியாயிற்று. ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோ அலையோ, நீள நீளச் சிவப்பிலிருந்து இன்னும் விலகித்தான் போகிறது.

ஆகவே, அளந்து பெறுவது செம்பெயர்ச்சி; அண்ட விரிவால் நேர்வது அலைநீட்சி. செம்பெயர்ச்சியின் அளவைக் குறிக்கும் இசட் (z) எனும் எண்ணோடு 1 கூட்டினால் வருவதை 'நீட்சி மடங்கு' எனலாம். இசட் 1 என்றால் நீட்சி மடங்கு 2. ஒளி புறப்பட்டபோது இருந்ததைப் போல அண்டம் இன்று இருமடங்கு விரிந்திருக்கிறது. வேகக் கணக்கே தேவையில்லை, மாணவருக்கு நேரடியாகப் புரியும். எனக்கு 'நீட்சி மடங்கு' என்ற இந்தச் சொல்தான் மற்றதைவிடப் பிடித்திருக்கிறது.

அண்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று சொல்லும் ஹபிள் மாறிலிக்கு இது மட்டும் போதாது, தூரத்தைத் தனியாக அளக்க வேண்டும். செஃபீட் (ஒளி கூடிக் குறையும் விண்மீன்), மீயொளிர் விண்மீன் (வெடிக்கும் விண்மீன், சூப்பர்நோவா) வழியாகப் போனால் மெகாபார்செக் எனும் தொலைவு அலகுக்கு நொடிக்கு சுமார் 73 கி.மீ.; பிளாங்க் விண்கலத்தின் பின்னணி ஒளித் தரவிலிருந்து கணித்தால் சுமார் 67. இந்த இரு எண்களும் ஒத்துப்போகாத சண்டைக்குப் பெயர் வைப்பதைப் பிறகு பார்ப்போம்.

> அப்படியானால் நீலப்பெயர்ச்சியை (கோடுகள் நீலப் பக்கம் தள்ளுவதை) 'அலைக்குறுக்கம்' ஆக்க வேண்டுமே?

வேண்டாம் அம்மா. 1912இல் வானியலாளர் ஸ்லைஃபர் ஆந்திரொமேடா பேரடையில் அளந்தது நொடிக்கு ஏறக்குறைய 300 கி.மீ. நெருங்கும் வேகம். அது ஈர்ப்பால் வரும் அசல் ஓட்டம்; அண்டம் சுருங்கியதால் வந்ததல்ல. நீலப்பெயர்ச்சி அப்படியே இருக்கட்டும்.