பிளக்-இன் ஹைப்ரிட் வியாபாரத்தில் நிற்குமா, மின்சாரக் கார் விழுங்கிவிடுமா?

கேள்வி:
பிளக்-இன் ஹைப்ரிட் என்று, பெட்ரோல் எஞ்சின், மின் மோட்டார், செருகி சார்ஜ் போடும் பேட்டரி மூன்றையும் ஒரே காரில் திணித்தால் செலவு ஏறத்தானே செய்யும்? அந்த வகைக் காரான செவர்லே வோல்ட் 2010-இல் வந்தபோது ஆஹா ஓஹோ என்றார்கள், 2019-இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். கதை முடிந்தது என்று நினைத்தேன். இப்போது பல கம்பெனிகள் மறுபடி பிளக்-இன் பக்கம் போகின்றன. இதில் நிஜமாகவே லாபம் இருக்கிறதா, இல்லை சும்மா காலத்தை ஓட்டுகிறார்களா?

பதில் 1:
காலத்தை ஓட்டுவதுதான். 2010 வாக்கில் பேட்டரி விலை ஒரு கிலோவாட்-மணி (ஒரு யூனிட் மின்சாரம்) கொள்ளளவுக்கு 1000 டாலருக்கு மேல், அதாவது இன்றைய 60 கிலோவாட்-மணி பேட்டரியை அன்று போட்டிருந்தால் அதற்கே 60,000 டாலர் ஆகியிருக்கும், அதனால்தான் சின்ன பேட்டரியும் எஞ்சினும் சேர்ந்த கார் அன்று புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. 2024-இல் சராசரி 115 டாலர் என்பது புளூம்பெர்க்என்இஎஃப் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அதே பேட்டரி 6,900 டாலர்தான். எஞ்சினும் சைலன்சரும் இப்படி விலை இறங்குமா?

பதில் 2:
கணக்கு சரி, சந்தை வேறு மாதிரி போகிறதே! சீனக் கார் கம்பெனி பிஒய்டி 2024-இல் விற்ற சுமார் 42 லட்சம் வண்டிகளில் ஏறக்குறைய 25 லட்சம் பிளக்-இன். இத்தனைக்கும் அவர்களே 2008-இல் எஃப்3டிஎம் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது சீந்த ஆளில்லை. அப்புறம் என்ன மாறியது? மலிவான இரும்பு பாஸ்பேட் பேட்டரி, பெரும்பாலும் மோட்டாரே இழுக்கும் அமைப்பு, எல்லாவற்றுக்கும் மேலே விலை. 2024 பிப்ரவரியில் அவர்களுடைய ‘சின் பிளஸ் டிஎம்-ஐ’ என்ற பிளக்-இன் காரின் விலை 79,800 யுவானில் தொடங்கியது, அந்த வகுப்பில் பெட்ரோல் காரோடு நேருக்கு நேர் மோதும் விலை. மானியத்தை நம்பி மட்டும் இவ்வளவு விற்க முடியாது.

பதில் 3:
மானியம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஆபீசில் வரிச்சலுகைக்காக வாங்கிய ஒரு பிளக்-இன் வண்டி, சார்ஜ் கேபிள் பிரிக்காத உறையோடு டிக்கியிலேயே கிடந்தது. பெட்ரோல் செலவு கம்பெனி தலையில், யார் குனிந்து செருகுவார்? (நானும் ஓட்டினேன், நானும் செருகவில்லை.) நாங்கள் மட்டும் இல்லை, இந்த வண்டிகள் சாலையில் விடும் கார்பன் சோதனைக்கூட அளவைப்போல சுமார் மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையமே 2024-இல் சொன்னது. அங்கே இந்தக் கார்பனைக் கணக்கிடும் விதியை இறுக்கத் தொடங்கிவிட்டார்கள். சலுகைக்காக வாங்கியவர்கள் சலுகையோடு போய்விடுவார்கள். பிரிட்டன் 2018-இலேயே பிளக்-இன் மானியத்தை நிறுத்திவிட்டது.

கேள்வி கேட்டவர்:
அப்போ சொந்தக் காசில் வாங்குபவனுக்கு? எனக்குத் தினம் முப்பது கிலோமீட்டர், வீட்டிலேயே சார்ஜ் போடலாம், வருடத்துக்கு நாலைந்து நீண்ட பயணம்.

பதில் 1:
அந்த நாலைந்து பயணத்துக்காக வருடம் முழுக்க எஞ்சினைச் சுமந்து, ஆயிலும் மாற்றிக்கொண்டு திரிவீர்களா?

பதில் 2:
போகும் வழியில் வேகச் சார்ஜர் இல்லையென்றால் நான் சுமப்பேன். முதலில் அதைப் பாருங்கள்.